மதுரையில் இருந்துகொண்டு கச்சேரி பியானோவுக்குத் தயாராவது எப்படி

கச்சேரி பியானோ வாசிக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது. ஆனால் இருப்பது மதுரையில், இல்லையென்றால் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ. வீட்டில் ஒரு கீபோர்டு, சர்ச்சில் ஒரு கீபோர்டு, வாரம் ஒரு கிளாஸ், கையில் இரண்டு மூன்று கிரேடு (இசைத் தேர்வின் படிநிலை) சான்றிதழ். இங்கிருந்து மேலே எப்படிப் போவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் சேர்ந்து படியுங்கள், ஏனென்றால் செலவில் பாதியும் பொறுமையில் முக்கால்வாசியும் அவர்களுடையது.

முதலில் எதற்குத் தயாராகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். நம்மூர்க் கச்சேரியில் பாடுகிறவருக்குப் பக்கத்தில் வயலின் இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது, இளைப்பாற தனி ஆவர்த்தனம் இருக்கிறது. மெல்லிசை மேடையில் பத்துப் பேர் சேர்ந்து தூக்குவார்கள். பியானோ ரெசைட்டலில், அதாவது தனிக் கச்சேரியில், ஒருவர்தான். பெரும்பாலும் முன்னால் நோட்ஸ் கூட இருக்காது, ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த அரங்கத்தை அவர் ஒருவரே தாங்க வேண்டும். இந்த வழக்கத்தைப் பெரிதாக்கியவர் பியானோ மேதை லிஸ்ட். 'ரெசைட்டல்' என்ற பெயரே 1840-இல் லண்டனில் அவர் வாசித்த நிகழ்ச்சியோடுதான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசித்தால், பியானோ பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் கடைசி வரை எழுந்து போகாமல் கேட்பாரா? கிரேடு, போட்டி, விரல் வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்.

வாத்தியம்

61 கட்டை கீபோர்டில் இது நடக்காது. சர்ச்சிலும் மெல்லிசைக் குழுவிலும் வாசிக்க அது போதும், நல்ல வாத்தியம்தான், ஆனால் அதன் கட்டைகளில் எடை இல்லை. பியானோ விரல் என்பது எடையைக் கையாளுகிற விரல். 88 கட்டை, சுத்தியல் எடை கொண்ட டிஜிட்டல் பியானோவாகப் பாருங்கள். யமஹா, ரோலண்ட், காசியோ மூன்றிலுமே தொடக்க நிலை மாடல்கள் ரூ. 50,000 சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். நூற்றுக்கணக்கான சத்தங்கள், ரிதம்கள் இருக்கின்றன என்று கடைக்காரர் காட்டுவார், அது எதுவும் உங்களுக்கு வேண்டாம். ஒரு பியானோ சத்தம், சரியான எடை, அரை அழுத்தத்தையும் உணரும் ஒரு பெடல், அவ்வளவுதான்.

அப்புறம் அதைச் சாப்பாட்டு மேசை மேல் வைக்காதீர்கள். பல வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. மேசையின் உயரத்தோடு வாத்தியத்தின் உயரமும் சேர்ந்து தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும், ஆறு மாதத்தில் வலி வரும். ஸ்டாண்டு வாங்குங்கள். உட்கார்ந்தால் முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும், பிளாஸ்டிக் சேரில் அது வராது. வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், 'கொஞ்சம் பொறுத்து வாசி' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இசையமைப்பாளர் ஷூமான் வலது கையைக் கெடுத்துக்கொண்டுதான் பியானோவை விட்டார். 1960-களில் உச்சத்தில் இருந்த பியானோக் கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு வலது கை விரல்கள் சுருண்டுகொண்டு, அவர் பல பத்தாண்டுகள் இடது கையால் மட்டும் வாசிக்க வேண்டியிருந்தது.

பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ ஒன்று விலைக்கு வருகிறது என்றால் ஆசைப்படும் முன் சுருதி சேர்க்கும் ட்யூனர் யார், எங்கிருந்து வருவார், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாரா என்று கேளுங்கள். உள்ளே சுமார் 230 கம்பிகள், அதற்குப் பின்னால் மரப்பலகை. சித்திரை வெயிலில் காய்ந்து ஐப்பசி மழையில் ஊறுகிற ஊரில் அந்த மரம் சும்மா இருக்காது. ட்யூனர் இல்லாத அப்ரைட்டை விட நல்ல டிஜிட்டல் மேல். அதே சமயம் நிஜப் பியானோவில் கை வைக்காமலேயே வளரக்கூடாது. பழைய மிஷன் பள்ளிகள், சர்ச்சுகள், கொடைக்கானல் பக்கத்துப் பள்ளிகள் என்று விசாரித்து, மாதத்தில் ஒரு நாளாவது அனுமதி வாங்கி வாசித்துவிட்டு வாருங்கள்.

கிரேடு பற்றி

டிரினிட்டியோ ஏபிஆர்எஸ்எம்மோ, இந்த லண்டன் தேர்வுகளை எழுதுங்கள், தப்பில்லை. பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவும் டிரினிட்டி தேர்வு எழுதியவர்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிரேடுக்கு மூன்று பாட்டு. வருஷத்துக்கு ஒரு கிரேடு என்றால், எட்டு வருஷத்தில் 24 பாட்டு. போன வருஷத்து மூன்றும் இந்த வருஷம் கையில் இருக்காது. எட்டாவது கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளையிடம் "எதாவது வாசிப்பா" என்று பெரியப்பா கேட்டால் பதினைந்து நிமிஷம் கூட வாசிக்க முடியாது. அது பிள்ளையின் குறை இல்லை, அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். தேர்வுப் பாட்டுக்கு வெளியே வருஷத்துக்குக் குறைந்தது பத்துச் சின்னப் பாட்டுகளாவது படித்துத் தள்ளுங்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டாக்கின் 'மிக்ரோகாஸ்மாஸ்' இதற்கென்றே செய்தது போல 153 துண்டுகள், எளிதிலிருந்து கடினத்துக்கு. பாஹின் 'இன்வென்ஷன்' என்ற இரண்டு குரல் சின்னப் பாட்டுகள் 15. அதோடு முடித்த பாட்டுகளில் ஐந்தையாவது எப்போதும் கையில் உயிரோடு வைத்திருங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வாசித்தால் போதும். கிரேடு முடிந்து டிப்ளமோவுக்குப் போனால் அங்கே ஒரே உட்காரலில் அரை மணி நேரத்துக்கு மேல் வாசிக்கச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் அதுதான்.

சாதகம்

ஒரு கட்டையை அழுத்தினால் அது சுமார் 10 மில்லிமீட்டர்தான் கீழே போகும். அதற்குள் சுத்தியல் கிளம்பி, கடைசிக் கணத்தில் விரலிடமிருந்து விடுபட்டு, தானாகப் போய்க் கம்பியை அடிக்கிறது. அடித்த பிறகு அந்த ஒலியை உங்கள் விரலால் வளர்க்கவோ அசைக்கவோ முடியாது, அது தேய ஆரம்பித்துவிடும். கமகம் இல்லாத வாத்தியம். எம்.எஸ். பிறந்த ஊரில், சேதுராமன் பொன்னுசாமி நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது பெரிய குறையாகப் படும், எனக்கும் அந்த ஏக்கம் புரிகிறது. அப்படியென்றால் பியானோவை எப்படிப் பாட வைப்பது?

இதற்கு ஒரு பயிற்சி. வலது கையில் சி, டி, ஈ, எஃப், ஜி. ஒவ்வொன்றையும் மெதுவாக நான்கு எண்ணும் வரை பிடியுங்கள். நாலாவது எண்ணிக்கையில் முதல் ஸ்வரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். அடுத்த ஸ்வரத்தை நீங்கள் தொடங்கிய சத்தத்தில் அடிக்காமல், அந்தத் தேய்ந்த சத்தத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுங்கள். திடீரென்று இரண்டு ஸ்வரமும் ஒட்டிக்கொள்ளும். மேலே ஏற வேண்டிய இடத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள், ஆனால் முந்தையதன் வாலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இது வந்ததும் இடது கையில் ஒரு கார்டை (பல ஸ்வரங்களை ஒன்றாக அமுக்குவது) சேர்த்து, அதன் சத்தம் வலது கையின் பாதியாக இருக்கும்படி பாருங்கள். பத்து நிமிஷம் இதைச் செய்தால் காது களைத்துப்போகும், களைக்க வேண்டும். ஹேனனின் 60 விரல் பயிற்சிகளையும் டிவி பார்த்துக்கொண்டே ஓட்டுவதை விட இந்தப் பத்து நிமிஷம் எத்தனையோ மேல்.

பியானோ இசையமைப்பாளர் ஷோபான் தன் மாணவர்களை நல்ல பாடகர்களைப் போய்க் கேட்கச் சொன்னவர். நமக்கு அந்த வசதி வாசலிலேயே இருக்கிறது. தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் சத்குரு சங்கீத சமாஜக் கச்சேரி நடந்தால் போய் உட்காருங்கள். ராகம் தெரியாவிட்டால் பரவாயில்லை. பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார், ஒரு சங்கதியை எப்படி முடிக்கிறார், ஒன்றரை மணி நேரம் கழித்தும் சபையை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். மறுநாள் காலையில் உங்கள் ஷோபான் நாக்டர்னில் (அமைதியான, பாடுவது போன்ற பாட்டு) மூச்சு விடும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். மேற்கத்திய இசை படிக்கிறவன் கர்னாடகம் கேட்டால் காது கெட்டுவிடும் என்று சொல்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

மனப்பாடம்

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். பாஹின் சி மேஜர் பிரெலூட், 1722-ஆம் வருஷத்துத் தொகுப்பின் முதல் பாட்டு. சர்ச்சில் பாடும் குனோவின் 'ஆவே மரியா' இதன் மேல் உட்கார்ந்ததுதான். மொத்தம் 35 பார், அதாவது தாளக் கட்டம். உங்களிடம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். 36 வந்தால் அது பழைய பதிப்பு, 22-க்கும் 23-க்கும் நடுவில் பாஹ் எழுதாத ஒரு பாரை யாரோ நுழைத்தது அதில் இருக்கிறது. இதனால்தான் கண்டதையும் பிரிண்ட் எடுத்து வாசிக்கக் கூடாது என்கிறேன். ஐஎம்எஸ்எல்பி என்ற நோட்ஸ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நல்லதுதான், ஆனால் முக்கியமான பாட்டுகளுக்காவது ஹென்லே மாதிரி ஒரு நம்பகமான பதிப்பை வாங்குங்கள்.

முதல் 32 பாரும் ஒரே அச்சில்தான் போகும்: ஒரு கார்டு, அது பிரிந்து பிரிந்து இரண்டு தடவை. பெரும்பாலானவர்கள் இதை விரலால் மனப்பாடம் செய்கிறார்கள். விரல் ஞாபகம் வீட்டில் கைகொடுக்கும், மேடையில் விளக்கு கண்ணில் பட்டதும் கைவிடும். பதிலாக, முதலில் பிரிக்காமல் ஒரு பாருக்கு ஒரு கார்டாக அமுக்கி, 32 கார்டையும் வரிசையாக வாசியுங்கள். அப்புறம் அடி ஸ்வரத்தை மட்டும் பாடிக்கொண்டே போங்கள். 24-ஆவது பாரில் அடி ஸ்வரம் 'ஜி'யில் வந்து நிற்கும், 31 வரை எட்டுப் பாருக்கு நகராது. மேலே கார்டுகள் மாறிக்கொண்டே இருக்க, பஞ்சமத்திலேயே கார்வை பிடித்துக்கொண்டு ஷட்ஜத்துக்கு ஏங்க வைப்பது போல இருக்கும். 32-இல்தான் அது 'சி' ஸ்வரத்துக்கு இறங்கும். இது காதில் ஏறிவிட்டால் அந்த இடம் உங்களுக்கு மறக்கவே மறக்காது, மறக்க நினைத்தாலும் முடியாது.

இதோடு நடுவில் தொடங்கும் பழக்கமும் வேண்டும். பாட்டில் ஆறு ஏழு இடங்களுக்கு நம்பர் போட்டு, "அம்மா, ஒரு நம்பர் சொல்லுங்க" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டு, சொன்ன இடத்திலிருந்து வாசியுங்கள். மேடையில் தப்பு நடந்தால் பின்னால் போகாமல் அடுத்த நம்பருக்குத் தாவ இதுதான் வழி. பியானோக் கலைஞர் மரியா ஜொவாவ் பீரெஸ் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்த ஒத்திகையில் உட்கார்ந்திருக்கிறார், ஆர்கெஸ்ட்ரா அவர் எதிர்பார்க்காத வேறொரு மொஸார்ட் கன்சர்ட்டோவை (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பாட்டு) ஆரம்பித்துவிட்டது. முகம் வெளிறிப்போய், நடத்துநரிடம் இரண்டு வார்த்தை பேசி, தன் முறை வந்ததும் அந்த டி மைனர் கன்சர்ட்டோவை மனதிலிருந்து வாசித்தார். அதற்கு முன்பு அவர் அதை எவ்வளவு ஆழமாகப் படித்திருந்தார் என்பதுதான் அங்கே வெளிவந்தது.

மாதாந்திர பராமரிப்புக்கு மின்தடை வரும் நாளில் டிஜிட்டல் பியானோ ஓடாது. அன்றைக்கு நோட்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்காருங்கள், கை வைக்காமல் மனதுக்குள் கேட்டபடி முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். பியானோக் கலைஞர் கீஸெகிங் இப்படி வாத்தியம் இல்லாமலேயே பாட்டை ஏற்றிக்கொள்வதற்குப் பேர் போனவர். எந்த இடத்தில் மனதுக்குள் சத்தம் நிற்கிறதோ அந்த இடம் உங்களுக்கு இன்னும் தெரியாது.

யூடியூப் பார்த்து ஒரே ஒருவரின் வாசிப்பைக் காப்பி அடிக்காதீர்கள். பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் பாஹின் 'கோல்ட்பெர்க்' வேரியேஷன்ஸை 1955-இல் பதிவு செய்தபோது சுமார் 38 நிமிஷம், 1981-இல் மறுபடி பதிவு செய்தபோது சுமார் 51 நிமிஷம். ஒரே ஆள், ஒரே பாட்டு, இரண்டிலும் உண்மை இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது தாளில் எழுதியிருப்பதை முழுசாக மதிப்பது, ஒவ்வொரு குறியும் எதற்கு என்று கேட்பது, அப்புறம் நம் காது சொல்வதை நம்புவது.

மேடை

பெரிய அரங்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ரஷ்யப் பியானோக் கலைஞர் ரிக்டர் 1986-இல் சைபீரியா வழியே மாதக்கணக்கில் பயணம் செய்து, கச்சேரி அரங்கமே இல்லாத சிற்றூர்களில் கூட வாசித்தார், அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நமக்கு வீட்டு ஹால், சர்ச் வளாகம், அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் மாதிரி கல்லூரிகளின் அறைகள். முதலில் பதினைந்து நிமிஷம், இருபது பேர். அடுத்த வருஷம் அரை மணி. அப்புறம் ஒரு மணி நேரம்: பாஹில் ஒரு பிரெலூட் ஃபியூக், ஹைடனில் ஒரு சொனாட்டா, ஷூமானின் 'கிண்டர்ஸேனன்' 13 துண்டும், ஷோபானில் இரண்டு மூன்று, முடிவில் பார்டாக்கில் துள்ளலான ஏதாவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தமிழில் இரண்டு நிமிஷம் பேசுங்கள், எதைக் கவனிக்கலாம் என்று சொல்லுங்கள். நடுவில் கை தட்டினால் தட்டட்டும், முகத்தைச் சுளிக்காதீர்கள். 1778-இல் பாரிஸில் தன் சிம்ஃபனியின் நடுவிலேயே ஜனங்கள் கை தட்டியதை மொஸார்ட் சந்தோஷமாக அப்பாவுக்கு எழுதியிருக்கிறார். சித்திரைத் திருவிழா சமயத்திலும் ஆடி மாதத்திலும் மட்டும் தேதி வைக்காதீர்கள், தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள், நாக்டர்ன் எடுபடாது.

வரும்படி

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. உலகம் முழுக்கவே தனிக் கச்சேரி வருமானத்தில் மட்டும் வாழ்கிற பியானோக் கலைஞர்கள் மிகச் சிலர். வார்சாவில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் ஷோபான் போட்டி மாதிரி இடத்தில் பரிசு வாங்குபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் பாடம் எடுக்கிறார்கள், பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள், கூடவே கச்சேரியும் செய்கிறார்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை, அது முழு வாழ்க்கை. மதுரையில் இப்போதே தொடங்கக்கூடியது பக்கவாத்தியம்தான். வயலின், புல்லாங்குழல் கிரேடு எழுதும் பிள்ளைகளுக்குப் பியானோ வாசிக்க ஆள் வேண்டும். சர்ச் பாடகர் குழுவுக்கு நாலு குரல் நோட்ஸைப் பார்த்த உடனே வாசிக்கிறவர் வேண்டும். பார்த்தவுடன் வாசிக்கும் பழக்கத்தை இது கூர்மையாக்கும், கையில் காசும் வரும். கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். திருமண வீட்டில் ரிசப்ஷன் முடிந்த பிறகு பேசினால் சங்கடம்தான் மிஞ்சும்.

மேற்படிப்பு

பதினைந்து பதினாறு வயதுக்குள் ஊரைத் தாண்டி ஒரு ஆசிரியரையாவது பிடிக்க வேண்டும். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. 2008-இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கேஎம் இசைக் கல்லூரி அங்கே இருக்கிறது, தனியாகச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை நேரில், நடுவில் ஜூமில். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைப் போடாவிட்டால் உங்கள் பியானோ சத்தத்தை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

வெளிநாட்டில் படிக்க எல்லா இடமும் லட்சக்கணக்கில் கேட்காது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரியில் கல்விக் கட்டணமே இல்லை, இடம் கிடைப்பதுதான் மிகக் கடினம். ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் ஜெர்மன் மொழி படித்தாக வேண்டும், தங்கும் செலவுக்கும் பணம் காட்ட வேண்டும். நுழைவுக்கு அநேகமாக எல்லோரும் கேட்பது ஒரே வகைப் பட்டியல்தான்: பாஹ் பிரெலூட் ஃபியூக் ஒன்று, ஹைடன், மொஸார்ட், பீத்தோவன் மூவரில் ஒருவரின் சொனாட்டா, ஷோபான் அல்லது லிஸ்ட் எட்யூட் (பயிற்சிப் பாட்டு), ஒரு 19-ஆம் நூற்றாண்டு ரொமான்டிக் காலப் பாட்டு. தேர்வுக்கு இரண்டு வருஷம் முன்பே இவற்றைத் தேர்ந்தெடுத்து, கடைசி ஒரு வருஷம் முழுக்க ஆட்கள் முன்னால் வாசித்துப் பழகுங்கள்.

முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் வீடியோதான் கேட்பார்கள், ஒரு பாட்டை வெட்டாமல் ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும். இதற்காகவாவது நல்ல நிஜப் பியானோ இருக்கும் இடத்துக்குப் போங்கள், முதல் நாளே ட்யூன் செய்யச் சொல்லிவிடுங்கள். போனை ஸ்டாண்டில் வைத்து, வலது பக்கத்திலிருந்து கை, முகம், பெடல் எல்லாம் தெரியும்படி எடுங்கள். சத்தத்துக்குத் தனியாக ஒரு ரிக்கார்டர் வாடகைக்கு எடுத்தால் ரொம்ப நல்லது, அதைப் பியானோவிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். காலை ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள், தெரு அப்போதுதான் அமைதியாக இருக்கும், மின்விசிறியை அணைத்துவிட்டு வாசித்தாலும் வேர்க்காது.